தேடுவது வேறு, கூப்பிடுவது வேறு

கடல் தொழில் செய்கிறவனிடம் கரையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, இவ்வளவு பெரிய தண்ணீருக்குள் மீன் கிடக்கும் இடம் எப்படித் தெரிகிறது என்றுதான். மீனைக் கூப்பிட்டு வரவைக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கிளம்பும் படகுகள் இரண்டு வேலையையும் செய்கின்றன. தேடுவது ஒரு வேலை. தேடிய இடத்தில் மீனைத் தன் பக்கம் வரவைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே சாமர்த்தியமாக எண்ணிப் பேசுவதால், கடலுக்குச் சட்டம் போடுகிறவர்களும் நாங்களும் ஒரே குழப்பத்தில் சிக்கிக்கொள்கிறோம் என்பது என் கருத்து. எந்த உயிரும் நாம் கூப்பிட்டதற்காக வருவதில்லை. பசி, இணை, ஒதுங்க ஓர் இடம் என்று தனக்கு ஏற்கெனவே இருக்கும் தேவையைத் தேடித்தான் வருகிறது. கூப்பிடுகிறவன் அந்தத் தேவையைப் பிடித்து இழுக்கிறான். ஆகவே கட்டுப்பாடு முதலில் கூப்பிடும் கையின் மேல் வரவேண்டும், தேடும் கண்ணின் மேல் அல்ல.

நிலத்தில் வேட்டையாடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மான் உண்டு, நம் கடமானைவிடப் பருத்தது. செப்டம்பரில் அதன் இணைசேரும் பருவம் வரும்போது ஆண் மான் நீண்ட ஊதல்போலக் குரல் கொடுக்கும். வேடன் தொலைவில் நின்று அதே குரலை ஒருமுறை எழுப்புவான். பதில் குரல் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது. அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு, மனித வாடை மான் பக்கம் போகாதபடி எதிர்க்காற்றில் நடந்து நெருங்குவான். பக்கத்தில் போனபின்தான் பெண் மானின் மெல்லிய குரலால் அழைப்பான். அவசரப்பட்டு மறுபடி மறுபடி ஊதினால், போட்டிக்கு வேறொரு கிடா வந்துவிட்டதென்று எண்ணி, ஆண் மான் தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடும். புரட்டாசியில் பதில் கொடுக்கும் அதே மான், தை மாதத்தில் அதே குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. அழைப்பின் பலம் கேட்கிற உயிரின் பருவத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் கரையில் தேடுவது கண்ணில் தொடங்குகிறது. ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தால், அடியில் நெத்திலியோ கவலையோ கூட்டமாக மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள். தள்ளுவது வஞ்சிரமா, சூரையா, பாரையா என்பதை அந்தக் கூட்டம் நகரும் வேகத்திலிருந்து ஊகிக்கலாம். சூரை துரத்தினால் பறவைகள் ஓரிடத்தில் நிற்க முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் நிறம் அடுத்த அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வந்து கடலில் கலங்கலாகப் பரவும்போது, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி மீன் மேயும். இருட்டு நாட்களில் சில பருவங்களில் தண்ணீர் தானாகவே நீலமாக ஒளிரும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அலைகள் அப்படி ஒளிர்ந்தபோது நகரமே வேடிக்கை பார்க்கப் போனது. தொழில்காரனுக்கு அந்த ஒளி வேறுவிதத்தில் பயன்படும்: கூட்டம் நகரும் இடத்தில் தண்ணீர் கலைந்து, அந்தக் கலைச்சல் வெளிச்சமாகத் தெரியும்.

பாறைத் திட்டுகளையும் மேடுகளையும் மறுபடி கண்டுபிடிக்கக் கரை அடையாளங்கள் வேண்டும். கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் இன்னும் இரண்டு பொருள்கள் நேர்கோட்டில் வந்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் திட்டு. அடையாளத்துக்குக் கோயில் கோபுரம், மாதா கோயில் உச்சி, தென்னந்தோப்பு, பரங்கிமலை என்று எதுவும் ஆகும். வடசென்னைக் கரையில் தொழிற்சாலைகள் வந்தபின் அவற்றின் புகைபோக்கிகளும் அடையாளமாகின. எண்ணூர் அனல்மின் நிலையமும், பின்னால் அத்திப்பட்டில் எழுந்த வடசென்னை அனல்மின் நிலையமும் நெடுந்தொலைவுக்குத் தெரிந்தன. இரவில் மணலிப் பக்கத்துச் சுடர் தெரியும். எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அடையாளத்துக்குரிய பொருள் ஒன்று போனால் அதோடு கோர்த்திருந்த கோடும் போய்விடும், வேறொன்றைக் கோர்க்க வேண்டும். இந்த அறிவு நிலையானதல்ல, கரை மாற மாறத் திருத்தி எழுதப்படுவது என்று சொல்வதற்காகவே இதை இவ்வளவு விரித்தேன்.

காதால் தேடுவது இதைவிட நுட்பமானது. கத்தாழைக் குடும்பத்து மீன்கள் சத்தம் போடும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை ஒட்டிய தசைகள் வேகமாக அதிரும்போது, பை ஒரு பறைபோல முழங்குகிறது. பெரும்பாலும் ஆண் மீன்கள்தான் இப்படி முழங்குகின்றன, அதுவும் முட்டையிடும் பருவத்தில் மாலை வேளைகளில் மிகுதியாக. கத்தாழைத் தலையை உடைத்துச் சாப்பிட்டவர்கள் உள்ளே இரண்டு பெரிய வெள்ளைக் கற்களைப் பார்த்திருப்பார்கள். அவை காதுக் கற்கள். இந்த மீனின் வாழ்க்கையே ஒலியோடு பிணைந்தது. கட்டுமரக் காலத்தில் துடுப்பின் அகலமான முனையைத் தண்ணீரில் நிறுத்தி, மேல்முனையில் காதை அழுத்திக் கேட்பார்கள். காரணம் எளிது. கடல் தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகிறது, காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் தண்ணீரிலிருந்து காற்றுக்கு ஏறும் இடத்தில் ஏறத்தாழ எல்லாம் திரும்பிவிடுகிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே மேலே வருகிறது. மரத்துடுப்பு அந்த எல்லையைத் தாண்டி ஒலியை நேராகக் காதெலும்புக்குக் கொண்டுவருகிறது. மலேசியாவின் கிழக்குக் கரையில், கிளந்தானிலும் திரங்கானுவிலும், மூத்த மீனவர் ஒருவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டு, என்ன மீன், எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லுவார். அவர் சொன்னபிறகுதான் வலை இறங்கும். இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு கரைகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன என்றால், அதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும். ஒவ்வொரு படகிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, எக்கோ சவுண்டர் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து, எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் மீன் இருக்கக்கூடும் என்று அறிவிப்பு அனுப்புகிறது. இனி ஆலாவும் துடுப்பும் எதற்கு? மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. கரையே தெரியாத தொலைவில் அடையாளக் கோடு பயன்படாது, ஜிபிஎஸ் பயன்படும். எத்தனை பாகம் ஆழம் என்பதை ஈயக்குண்டு கட்டிய கயிற்றைவிட எக்கோ சவுண்டர் சரியாகவும் சட்டென்றும் சொல்லும். மேகம் மூடிய மழைக்காலத்தில் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாமல் போவதும் உண்டு என்றாலும், டீசல் விலையைப் பார்க்கிற எவனும் அந்த அறிவிப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆனால் திரையில் தெரியும் புள்ளிக்கூட்டம் படகுக்கு நேர் கீழே ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அது காரப்பொடியா, கவலையா, ஜெல்லி மீனா? மேய வந்ததா, முட்டையிட வந்ததா, பெரிய மீனுக்குப் பயந்து ஒதுங்கியதா? இதற்குப் பதில், காற்று வாடையா கச்சானா என்பதையும், நீரோட்டம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரும். நம் கரையோர நீரோட்டம் மாசி, பங்குனியில் வடக்கு நோக்கி வேகமாக ஓடும், வடகிழக்குப் பருவமழையில் தெற்கே திரும்பும். ஒரே புள்ளிக்கூட்டம் அந்த இரண்டு காலங்களில் இரண்டு வெவ்வேறு செய்திகள். கருவி இடத்தைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டுவதில்லை. காரணம் தெரியாதவன் கூப்பிடவும் முடியாது.

கூப்பிடுவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வெளிச்சம் எல்லாருக்கும் தெரிந்த வழி. அமாவாசையை ஒட்டிய இருட்டில் விளக்கைத் தண்ணீருக்கு மேலே பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முதலில் திரளும். அவற்றைத் தின்னப் பொடி மீன் வரும். பொடி மீனைப் பிடிக்கக் கடம்பா வரும். கடம்பா வெளிச்சத்தின் நடுவுக்கு வராது. படகின் நிழல் விழும் ஓரத்தில் இருட்டுக்குள் உடம்பை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் இருக்கும் இரைமேல் பாயும். தூண்டிலை அந்த ஓரத்தில்தான் இறக்க வேண்டும். பௌர்ணமியில் கடலே வெளிச்சமாக இருப்பதால் விளக்குக்கு மதிப்பில்லை. நிழல் இரண்டாவது வழி. தென்னை ஓலைகளையோ பாளைகளையோ கட்டிக் கல்லோடு இறக்கினால், ஒதுங்க இடமில்லாத வெட்டவெளித் தண்ணீரில் அந்தச் சிறு நிழலை நம்பி மீன் சேரும். கணவாய் அதில் முட்டைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்க வரும். பப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்து தீவில், தேங்காய்ச் சிரட்டைகளைக் கோர்த்த வளையத்தைத் தண்ணீரில் குலுக்கிச் சுறாவை வரவைத்துச் சுருக்குக் கயிற்றில் பிடிக்கிறார்கள். மந்திரமும் பாடுகிறார்கள். ஆனால் துள்ளித் தவிக்கும் மீனின் அதிர்வைத் தொலைவிலிருந்தே உணரும் உடம்பு சுறாவுக்கு இருக்கிறது. சிரட்டை அந்த அதிர்வைப் போலச் செய்கிறது என்பதே எனக்குப் போதுமான விளக்கம்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் இதற்கு நேர் எதிரான ஒரு வேலை இருந்தது. கடல்கட்டி என்று அழைக்கப்பட்டவர் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவார் என்று நம்பினார்கள். அவர் கரையில் இல்லாமல் குளியாள்கள் தண்ணீரில் இறங்க மறுத்ததால், ஆங்கில அரசே அவருக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான படகுகளும் ஆட்களும் ஒரே இடத்தில் எழுப்பும் இரைச்சலும் கலக்கமும் சுறாவை விலக்கியிருக்கும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். வரவைப்பதானாலும் விரட்டுவதானாலும், அந்த உயிருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதே விஷயம்.

இங்கேதான் என் வாதத்தின் முக்கியமான பகுதி இருக்கிறது. பசியைக் காட்டிக் கூப்பிட்டால், பசித்த மீன் மட்டும் வரும். வயிறு நிறைந்தது போய்விடும். இனப்பெருக்கத்தின் பெயரால் கூப்பிட்டால், அல்லது இனப்பெருக்கத்துக்காக அவை ஒன்றையொன்று கூப்பிடுவதை நாம் கேட்டுவிட்டால், அந்த இனத்தின் வளர்ந்த மீன்கள் மொத்தமும் ஓரிடத்தில் நம் முன்னால் நிற்கும். கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில், கொலராடோ ஆற்றின் முகத்துவாரத்தில், கத்தாழைக் குடும்பத்தைச் சேர்ந்த கோர்வினா என்ற மீன் ஆண்டுதோறும் முட்டையிடக் கூடுகிறது. அந்த முழக்கம் கடல் பாலூட்டிகளின் செவியைப் பாதிக்கும் அளவுக்குப் பலமானது என்று 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. அங்கே மீனவர்களுக்குத் துடுப்புகூட வேண்டாம், படகின் அடிப்பலகை வழியாகவே சத்தம் கேட்கிறது. கேட்ட இடத்தில் வலையை இறக்குகிறார்கள். மூன்று வாரத்துக்குள் இருபது லட்சம் மீன்வரை பிடிபடுவதாக அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே வளைகுடாவில், அதே குடும்பத்தின் பெரிய உறுப்பினரான டொடொவாபாவைப் பிடிப்பதை மெக்சிகோ 1975-லேயே தடை செய்ய வேண்டி வந்தது. நம் கடலின் கூரல் கத்தாழை காற்றுப்பைக்காகவே பொன் விலை போகிறது. கூட்டம் ஒன்று கிடைத்தால் ஒரே வலைப்பாட்டில் ஒரு குடும்பத்தின் கடன் தீர்ந்துவிடும், அதனால்தான் யாரும் அதை விடுவதில்லை. கணவாய்க்கு ஓலை கட்டும் முறை கர்நாடகக் கரையில் பரவியபோது கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் கவலைப்பட்டதும் இதே காரணத்துக்குத்தான்: முட்டையிட வரும் தாய்க் கணவாய் பிடிபடுகிறது, ஒட்டிய முட்டைகளும் ஓலையோடு போகின்றன.

இரண்டாவது மறுப்பு கடினமானது, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது. சுருக்குவலைக்காரர் யாரையும் கூப்பிடுவதில்லை. சோனாரில் தேடி, கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி எல்லாவற்றையும் அள்ளுகிறார். அங்கே கேடு செய்வது தேடும் கண்தானே? தேடும் கருவி இல்லாமல் அந்த வலை இவ்வளவு பலன் தராது என்பது உண்மை. ஆனால் அதே சோனார் தூண்டில்காரர் கையில் இருந்தால் கூட்டம் அழிவதில்லை. அளவை முடிவு செய்வது வலை. தமிழ்நாடு 2000-ல் அந்த வலையைத்தான் தடை செய்தது, கருவியை அல்ல. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தபோதும், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், பகலில் மட்டும் என்று நேரத்தையும் இடத்தையும்தான் வரையறுத்தது. தேடும் அறிவைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தடுக்கவும் முடியாது. ஆகவே என் கூற்றைச் சிறிது திருத்திச் சொல்கிறேன்: தேடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எது அழிக்கிறதோ அதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். சுருக்குவலை அந்தத் தூரத்தை அளவால் அழிக்கிறது. கூப்பிடும் முறைகள், குறிப்பாகச் செயற்கை வெளிச்சமும் முட்டையிடும் கூட்டத்தின்மேல் விழும் வலையும், மீனே நடந்து வரும்படி செய்து அழிக்கின்றன.

மூன்றாவது மறுப்பு எங்கள் குப்பங்களிலிருந்தே வருகிறது. பாட்டன் காலத்திலேயே பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்ததே, இப்போது மட்டும் ஏன் குற்றம்? பெரிய படகு சம்பாதிக்கும்போது சின்னப் படகுக்காரன் மட்டும் இருட்டில் உட்கார வேண்டுமா? இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம் படகைச் சுற்றிச் சில பாகங்களுக்குள் முடிந்துபோகும். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த மீன் தப்பியது. ஜெனரேட்டர் வைத்து எரியும் எல்இடி வரிசையின் வெளிச்சம் பக்கத்துப் படகுக்காரனின் தண்ணீரையும் காலி செய்கிறது. குஞ்சு எது, வளர்ந்தது எது என்று வெளிச்சம் பிரித்துக் கூப்பிடுவதில்லை, எல்லாம் வரும். 2017 நவம்பரில் மத்திய அரசு செயற்கை விளக்கு மீன்பிடிப்பைத் தடை செய்தபோது அதை நான் சரியென்றுதான் பார்த்தேன். குறை இருந்தால் அது அமலில் இருக்கிறது: சின்னத் தூண்டில்காரனின் ஒற்றை விளக்கும் பெரிய படகின் விளக்கு வரிசையும் ஒரே தராசில் ஏறக்கூடாது.

கூப்பிடும் முறைகளில் ஒன்றை மட்டும் நான் ஆதரிக்கிறேன், செயற்கைப் பாறைத் திட்டு. சிமென்ட் உருக்களை அடியில் இறக்கி மீனுக்கு ஒதுங்க இடம் கொடுக்கும் வேலை தமிழகக் கரையில் பல இடங்களில் நடந்திருக்கிறது. ஓலை நிழல் இரண்டு மாதத்தில் அழுகிப்போகும், மீனைத் திரட்டிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். திட்டில் பாசி பிடிக்கிறது, சிப்பி ஒட்டுகிறது, சங்கரா குஞ்சு அங்கேயே வளர்கிறது. அங்கேயும் தூண்டில் மட்டும், இழுவலை கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு இல்லாவிட்டால், அது வெறும் பொறியாகிவிடும்.

இன்னொரு தொந்தரவு எங்கள் கரைக்கே உரியது. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே 2001-ல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. நடுவில் இருக்கும் தண்ணீரில் கப்பல் உந்திகளின் தாழ்ந்த உறுமல் நிற்பதேயில்லை. கத்தாழையின் முழக்கமும் அதே தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. ஆண் மீன் முழங்கி, பெண் மீனுக்கு அது கேட்காமல் போனால், யாரும் வலை போடாமலே கூட்டம் கூடாது. இதை ஒரு சந்தேகமாக மட்டும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அளக்கலாம். நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி இன்று எட்டாத விலைப் பொருளல்ல. காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை, பழைய ஆட்கள் கத்தாழை கேட்ட இடங்கள் என்று சொல்லும் திட்டுகளில் ஆண்டு முழுவதும் அதை வைத்துக் கேட்டால் மூன்று விஷயங்கள் தெரியும்: எங்கே இன்னும் முழங்குகிறது, எந்த மாதங்களில், கப்பல் போகும் நேரத்தில் முழக்கம் நிற்கிறதா. கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு மொத்தமாகப் போடப்பட்டது. அந்த நாட்களில் முட்டையிடாத இனத்துக்கு அது காவலாகாது. கத்தாழை முழங்கும் வாரங்களில், முழங்கும் திட்டுகளில் மட்டும், எந்தப் படகும் வலை இறக்காமல் இருக்கும் ஏற்பாட்டை ஊர்ப் பஞ்சாயத்துகளே செய்ய முடியும். பழவேற்காட்டில் பாடு முறையில் முறைவைத்துத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்கள் நீண்ட காலமாகச் செய்வது அதைவிடச் சிக்கலானது. ஒலிவாங்கியை எங்கே இறக்குவது என்று மீன்வளத்துறைக்குக் காட்ட, துடுப்பில் காது வைத்துப் பழகியவர்கள் நாகூரான் தோட்டத்திலும் திருச்சினாங்குப்பத்திலும் எண்ணூர்க் குப்பங்களிலும் இருக்கும்போதே அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.